வறண்டு வெடித்த கைகள்: குழாயடியிலிருந்து தொடங்கும் பராமரிப்பு

கை வறண்டு வெடித்தால் நாம் முதலில் தேடுவது நல்ல கிரீம் ஒன்றைத்தான். தேடுங்கள், தவறில்லை. ஆனால் பகல் முழுவதும் வெந்நீரிலும் சோப்பிலும் கையை ஊறவிட்டு, இரவில் ஒரு தடவை மட்டும் கிரீம் பூசினால் எந்த டியூபும் கைகொடுக்காது. அதனால் இந்தச் செய்முறை குழாயடியில் தொடங்குகிறது.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலின் மேலடுக்கில் இருப்பவை இறந்த செல்கள். அவற்றின் இடுக்குகளில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை கலந்த பசை இருக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காப்பது அந்தப் பசைதான். சோப்பு அழுக்கை எடுக்கும்போது இதையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. நீர் சூடாக இருந்தால் இன்னும் வேகமாக. இழந்ததை ஈடுகட்ட உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. புறங்கையிலோ தோல் மெல்லியது. முகத்தைவிடக் கை சீக்கிரம் வறள்வதில் வியப்பில்லை.

படி 1: கழுவும் முறையை மாற்றுங்கள்

வெதுவெதுப்பான நீரோ குளிர்ந்த நீரோ போதும். கிருமியைக் களைவது சோப்பும் தேய்ப்பும்தான். சூட்டுக்கு அதில் பெரிய பங்கில்லை. மோதிரத்தைக் கழற்றிவிட்டு 20 நொடிகள் தேய்த்து, விரல் இடுக்குகளில் வழவழப்பு போகும்வரை அலசுங்கள். மோதிரத்துக்கு அடியில் தங்கும் சோப்பு நீர், அந்த இடத்தில் மட்டும் வட்டமாகத் தோலைச் சிவக்க வைக்கும்.

தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஹெச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஏறத்தாழ 5. சாதாரணக் கட்டி சோப்பு காரமானது, அதன் அளவு 9 முதல் 10 வரை போகும். எனவே வாசனை சேர்க்காத, மென்மையான கைகழுவும் திரவத்துக்கு மாறுவது நல்லது. நுரை குறைவாக வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கைக்குப் போடுவதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

சானிடைசரைப் பலரும் வீணாகப் பழிக்கிறார்கள். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாத நேரத்தில், கிளிசரின் சேர்த்த ஆல்கஹால் சானிடைசர், அடிக்கடி சோப்பு போடுவதைவிடத் தோலைக் குறைவாகவே வறட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தயாரிப்புக் குறிப்பிலேயே 1.45% கிளிசரின் உண்டு. ஏற்கெனவே வெடித்திருக்கும் இடத்தில் சானிடைசர் சுரீரென்று எரியும் என்பது உண்மை. சோப்பால் கழுவிய கையோடு சானிடைசரையும் பூசுவது தேவையற்ற தண்டனை.

படி 2: ஒற்றி எடுங்கள்

துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். விரல் இடுக்குகளை உலர்த்திவிட்டு, மற்ற இடங்களில் மெல்லிய ஈரம் இருக்கும்போதே அடுத்த படிக்குப் போய்விடுங்கள். இரண்டு மூன்று நிமிடங்கள் தாமதித்தாலும் அந்த ஈரம் காற்றோடு போய்விடும்.

படி 3: பூச வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள்

புட்டியைச் சாய்த்தால் ஓடுவது லோஷன். அதில் பெரும்பகுதி நீர். வெடித்த கைக்குப் போதாது. கெட்டியான கிரீம் பகலுக்கு ஏற்றது. களிம்பு பிசுபிசுக்கும், ஆனால் அதிகம் காப்பது அதுதான், இரவுக்கு ஒதுக்குங்கள்.

உறையில் பெயர்களைப் பாருங்கள். கிளிசரினும் யூரியாவும் ஈரத்தை இழுத்து வைப்பவை. பெட்ரோலேட்டமும் (பெட்ரோலியம் ஜெல்லிதான்) டைமெதிக்கோனும் அதை வெளியே விடாமல் மூடுபவை. இரண்டு வகையும் இருந்தால் நல்லது. 10% யூரியா தடித்த தோலை இளக்கும், ஆனால் திறந்த வெடிப்பில் பட்டால் எரியும். வாசனைப் பொருள் சேர்ந்தது எதுவானாலும் தள்ளி வையுங்கள். கைத்தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள்களில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

என்னைக் கேட்டால், தொடங்குபவருக்குச் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியே போதும். எண்ணெய்க் கிணற்றுக் கம்பிகளில் படியும் மெழுகை வேலையாள்கள் வெட்டுக்காயங்களில் பூசிக்கொள்வதைப் பார்த்த ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலர், அதைச் சுத்திகரித்து 1872-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அது தன்பாட்டில் ஈரம் தராது, இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கும். காய்ந்த கையில் பூசிவிட்டுப் பயனில்லை என்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

பட்டாணி அளவு எடுத்து முதலில் புறங்கையில் வைத்து, இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று தேயுங்கள். பிறகு விரல் கணுக்கள், நகக்கண்கள், கடைசியாக உள்ளங்கை. உள்ளங்கையில் தொடங்கினால் பாதி அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு முறை கழுவியதும் இதைச் செய்ய வேண்டும். எனவே டியூபைக் குழாய்க்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

படி 4: வெடிப்பை மூடுங்கள்

கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் வரும் வெடிப்பை உற்றுப் பாருங்கள். மெல்லிய கோடுபோல் சிவந்த பிளவு. அதன் இரு கரைகளிலும் மஞ்சள் பாரித்த, தடித்த தோல். அந்தத் தடித்த கரை நெகிழாது. விரலை மடக்கும்போதெல்லாம் அது இழுபட்டு, நேற்று மூடியது இன்று மீண்டும் பிளக்கிறது. ஒரு சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும்.

எனவே கரையை இளக்க வேண்டும், பிளவை அசையாமல் வைக்கவும் வேண்டும். விரலை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். நகம் தேய்க்கும் அரத்தால் கரையின் காய்ந்த விளிம்பை மட்டும் இலேசாகத் தேயுங்கள். சிவந்த பகுதியைத் தொடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அரத்தை எடுக்கவே வேண்டாம். பிளவுக்குள் பெட்ரோலியம் ஜெல்லி வைத்து, விரலைச் சற்று மடக்கிய நிலையில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். நீட்டி வைத்து ஒட்டினால் மடக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

தொங்கும் தோலைப் பிய்க்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் வெடித்த கைக்கு மருந்தல்ல. முன்னது அமிலம், பின்னது காரம். இரண்டும் புண்ணைக் கிளறும்.

படி 5: இரவுக் கையுறை

களிம்பைத் தாராளமாகப் பூசி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். அந்தக் கையுறையோடு அடுப்பு, மெழுகுவத்தி பக்கம் போகக் கூடாது. துவைத்த பிறகும் பசை முழுவதும் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: பகல் கையுறை

பாத்திரம் துலக்க, தரை துடைக்க வினைல் அல்லது நைட்ரைல் கையுறை. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை இருந்தால் வியர்வையை உறிஞ்சும். 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து போடாதீர்கள்; உள்ளே வியர்த்து ஊறினால் அதுவும் தோலைக் கெடுக்கும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

இறுக்கம் சில நாள்களில் தளரும். ஆழமான வெடிப்பு மூட ஓரிரு வாரம் ஆகலாம். அதற்கும் அடங்காவிட்டால், அல்லது சீழ், வீக்கம், சூடு, நீர்க்கொப்புளம், தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு இவற்றில் எது இருந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஒரு கை மட்டும் வறண்டு செதில் உதிர்க்கிறதா? பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், பாதங்களையும் காட்டுங்கள். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசினால் அரிப்பு அடங்கியதுபோல் தோன்றும், பூஞ்சையோ பரவிக்கொண்டே போகும்.

போகும்போது நீங்கள் பயன்படுத்தும் சோப்பு, கிரீம், கையுறை ஆகியவற்றின் உறைகளைப் படம் எடுத்து எடுத்துச் செல்லுங்கள். சிமெண்ட், முடிச்சாயம், கிருமிநாசினி என்று வேலையில் எதைத் தொடுகிறீர்கள் என்பதையும், விடுமுறை நாள்களில் கை தேறுகிறதா என்பதையும் சொல்லுங்கள். ஒவ்வாமைப் பரிசோதனை தேவையா என்று முடிவெடுக்க மருத்துவருக்கு அது உதவும்.