சிங்கராஜக் காட்டருவிக்கு முதல் தடவை போகிறீர்களா?

யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, அருவியும் இல்லை. சுண்ணாம்புக்கல் தரையில் சைக்கிள் ஓடி வளர்ந்தவர்களுக்குக் காட்டில் முதலில் தடுமாறுவது கால்தான். ஆகவே வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.

1. இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே மணற்காட்டு மணற்குன்றுகளில் ஏறி இறங்குங்கள். காட்டுக்குப் போட்டுப் போகும் சப்பாத்தோடேயே நடங்கள். புதுச் சப்பாத்து கடித்தால் இங்கே கழற்றலாம், அங்கே முடியாது.

2. தை, மாசி, பங்குனிதான் நல்ல காலம். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். நல்ல காலத்திலும் பின்னேரம் மழை வரும், காலையிலேயே உள்ளே போய்விடுங்கள்.

3. முதல் நாளே காட்டுக்குப் பக்கத்து ஊரான தெனியாயவுக்குப் போய்த் தங்குங்கள். மறுநாள் காட்டின் பிட்டதெனிய வாசலில் டிக்கெட் எடுத்து, வழிகாட்டியோடு கெக்குன எல்லவுக்குப் புறப்படலாம். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். சிங்களத்தில் 'எல்ல' என்றால் அருவி, கெக்குன ஒரு மரம். 1988 முதல் உலக மரபுரிமைக் காடு இது. ஒரு பொலித்தீன் பையும் அங்கே விட்டுவராதீர்கள்.

4. இனி அட்டை. காற்சட்டையை மேசுக்குள் (காலுறைக்குள்) செருகி, மேசின் மேல் சவர்க்காரத்தை நன்றாகத் தேயுங்கள். அப்படியும் கடித்தால் பிடித்து இழுக்க வேண்டாம், நெருப்பும் வைக்க வேண்டாம். ஒட்டியிருக்கும் மெல்லிய முனைக்கடியில் நகத்தைச் செலுத்தி வழித்துவிட்டால் கழன்றுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். பயப்படாதீர்கள், துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

5. அருவியடியில்தான் மிகக் கவனம். பாசி பிடித்த பாறை கறுப்பாய்ப் பளபளக்கும், அதில் கால் வைக்கவே கூடாது. ஒரு காலைத் தூக்கும்போது மற்றக் காலும் இரண்டு கையும் எதையாவது பற்றியிருக்கட்டும். கீரிமலைக் கேணியில் நீந்தத் தெரியும் என்று இங்கே குதிக்காதீர்கள். அடியில் பாறை எங்கே என்று மேலிருந்து தெரியாது. மிக முக்கியமாக, தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. துவாயைக்கூட எடுக்க நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

6. திரும்பி வந்ததும் மேசுகளைக் கழற்றி, அட்டை இருக்கிறதா என்று விரலிடுக்கு, முழங்காலுக்குப் பின்பக்கம், இடுப்பு எல்லாம் பாருங்கள். பஸ்ஸில் போட ஒரு சோடி உலர்ந்த மேசு பையில் இருக்கட்டும்.