அவுட்டே இல்லாத ஆட்டங்கள்: 3 முதல் 5 வயதுவரை, வீட்டுக்குள் அரை மணி நேரம்

எட்டுக் குழந்தைகளை வைத்து நாற்காலி ஆட்டம் நடத்தினால், ஐந்தாவது நிமிடத்தில் நான்கு பேர் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஆறாவது நிமிடத்தில் அந்த நான்கு பேரும் திரைச்சீலையில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். குழந்தைகள் மேல் தப்பில்லை. இந்த வயதில் வரிசையில் காத்திருப்பதும் அவுட் ஆகி வேடிக்கை பார்ப்பதும் ஆட்டமே இல்லை, தண்டனைதான். போதாக்குறைக்கு, முதலில் அவுட் ஆவது எப்போதும் கூட்டத்திலேயே சின்னக் குழந்தை.

அதனால் கீழே உள்ள நான்கு ஆட்டங்களிலும் யாரும் வெளியேற மாட்டார்கள், முறை வரட்டும் என்று காத்திருக்கவும் மாட்டார்கள். ஆறு முதல் எட்டுக் குழந்தைகள், இரண்டு பெரியவர்கள் என்று கணக்கு. ஒருவர் ஆட்டத்தை நடத்த, இன்னொருவர் கழிப்பறைக்கும் கண்ணீருக்கும்.

முதலில் அறை

10 அடிக்கு 10 அடி வெறுந்தரை போதும். டீப்பாயை வெளியே எடுத்துவிடுங்கள். நெற்றியில் அடிபடுவது பெரும்பாலும் அதன் முனையில்தான். எல்லோருடைய சாக்ஸையும் கழற்றச் சொல்லுங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸோடு ஓடினால் வழுக்கும், வெறுங்கால்தான் பிடிக்கும்.

டிஷ்யூ ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக்குழலை எடுத்துக்கொண்டு அறையை ஒரு சுற்று வாருங்கள். அதற்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் தரையில் இருக்கக் கூடாது. தொண்டையில் அடைக்கும் அளவு அது. பலூனும் வேண்டாம். வெடித்த ரப்பர்த் துண்டு மூச்சுக்குழாயின் வடிவத்துக்கே படிந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், எடுப்பது மிகக் கடினம்.

வாங்கவேண்டியது ஒன்றே ஒன்று: மாஸ்கிங் டேப், சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டுவது. செலோடேப் ஒட்டினால் பசை தரையிலேயே தங்கிவிடும்.

1. தீவுகள் (8 நிமிடம்)

நாற்காலி ஆட்டத்தைத் தலைகீழாக்கினால் கிடைப்பது இது. குறைவது தீவுதான், குழந்தைகள் குறைவதில்லை.

டேப்பால் தரையில் ஐந்து சதுரங்கள் ஒட்டுங்கள். நான்கு சதுரங்கள் பக்கத்துக்கு 2 அடி, ஒன்று மட்டும் பக்கத்துக்கு 4 அடி. அந்தப் பெரியதுதான் கடைசித் தீவு. எல்லாவற்றையும் சின்னதாக ஒட்டிவிட்டுக் கடைசியில் எட்டுப் பேரை அதில் ஏற்றப் பார்த்தால் தள்ளுமுள்ளு நிச்சயம்.

பாட்டுப் போட்டதும் எல்லோரும் 'கடலில்' நடக்க வேண்டும். பாட்டு நின்றதும் ஏதாவது ஒரு தீவில் ஏற வேண்டும். ஒரே தீவில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். எல்லோரும் ஏறியபின் ஒரு சின்னத் தீவின் டேப்பை உரித்து எடுங்கள். உரிக்கும் வேலையை ஒரு குழந்தையிடம் கொடுத்தால் அதுவே தனி ஆட்டம். நான்கு சுற்றில் பெரிய தீவு மட்டும் மிஞ்சும். எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் முடிந்தது, எல்லோருக்கும் வெற்றி.

இங்கே சொதப்புவது இரண்டு இடத்தில். சில குழந்தைகள் கெட்டிக்காரத்தனமாக ஒரு தீவைச் சுற்றியே வட்டமடிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நடை சொல்லிவிடுங்கள்: யானை நடை, முயல் தாவல், தூங்குகிறவரை எழுப்பாத பூனை நடை. கவனம் நடைக்குப் போய்விடும். இன்னொன்று, பாட்டு நின்றது சில குழந்தைகளுக்கு உறைக்காது. பாட்டை நிறுத்தும்போதே உங்கள் இரண்டு கைகளையும் மேலே தூக்குங்கள். காதில் விழாதது கண்ணில் படும். பாட்டை 10 முதல் 20 விநாடிக்குள் நிறுத்துங்கள். அதற்குமேல் ஓடவிட்டால் நடை ஓட்டமாகி, ஓட்டம் மோதலாகும்.

2. பெட்ஷீட் அலை (8 நிமிடம்)

ஆரம்பிக்குமுன் மின்விசிறியை அணைத்துவிடுங்கள். தூக்கி வீசிய பெட்ஷீட் இறக்கையில் சுற்றிக்கொள்ள ஒரு நொடி போதும்.

இரட்டைக் கட்டில் பெட்ஷீட் ஒன்று, ஒரு சோடிச் சாக்ஸை உருட்டிய பந்து மூன்று. பந்து கனமாக இருந்தால் துணியின் நடுவில் குழி விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிடும், எழும்பாது.

அ. எல்லோரையும் பெட்ஷீட்டைச் சுற்றி உட்காரவையுங்கள். பெரியவர்கள் இருவரும் எதிரெதிர் மூலையில். ஓரத்தை இரண்டு சுற்றுச் சுருட்டிப் பிடிக்கவேண்டும். சுருட்டாத துணி பிஞ்சு விரலில் நிற்காது, நழுவும்.

ஆ. உட்கார்ந்தபடியே சின்ன அலை. "குட்டி அலை" என்றால் மெதுவாக, "பெரிய அலை" என்றால் வேகமாக, "கடல் தூங்குது" என்றால் அசையக்கூடாது. இந்த மூன்றாவது கட்டளையை முதலிலேயே பழக்கிவிடுங்கள். பின்னால் கூச்சல் எல்லை மீறும்போது கூட்டத்தை நிறுத்த உங்களிடம் இருக்கும் ஒரே பிரேக் அதுதான்.

இ. எழுந்து நின்று ஒரு பந்தைப் போடுங்கள். கீழே விழாமல் பத்து எண்ண வேண்டும். முடிந்தால் இரண்டாவது பந்து, பிறகு மூன்றாவது.

பந்து வெளியே தெறித்தால் எட்டுப் பேரும் துணியை விட்டுவிட்டு ஓடுவார்கள், இரண்டு தலை மோதும். அதனால் இரண்டு பேருக்கு 'மீனவர்' வேலை: வெளியே விழுவதைப் பிடித்து உள்ளே போடுவது. ஒவ்வொரு பத்து எண்ணிக்கைக்கும் ஆளை மாற்றுங்கள். துணிக்கு அடியில் நுழைய விரும்பும் குழந்தை ஒன்று கட்டாயம் இருக்கும். தடுத்துப் பயனில்லை. கடைசியாக ஒரு சுற்றை அதற்கென்றே ஒதுக்கி, பெரியவர்கள் துணியை உயர்த்திப் பிடிக்க எல்லோரும் அடியில் ஓடி மறுபக்கம் வரட்டும்.

3. தலை என்றால் கால் (5 நிமிடம்)

'நான் சொன்னால் மட்டும் செய்' வகை ஆட்டங்கள் மூன்று வயதில் எடுபடாது. கேட்டதும் கை தானாகப் போய்விடும்; அடக்கிக்கொள்ளும் திறன் இன்னும் வளரவில்லை. எனவே படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் நேராக: "தலை" என்றால் தலையைத் தொடு, "கால்" என்றால் காலைத் தொடு. பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். மூன்று வயதினருக்கு இதுவே போதும்.

நான்கு வயது தாண்டியவர்களுக்குத் திருப்பிப்போடுங்கள்: "தலை" என்றால் காலைத் தொட வேண்டும். குழந்தைகளின் தன்கட்டுப்பாட்டை அளக்க ஆய்வாளர்களும் இதே போன்ற தலைகீழ்க் கட்டளைகளைப் பயன்படுத்துகிறார்கள். தப்பாகத் தொட்டவரைச் சுட்டிக்காட்டாதீர்கள். நீங்களும் ஓரிரு முறை வேண்டுமென்றே தப்பாகத் தொடுங்கள். அதைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு வரும் உற்சாகமே தனி.

4. தட்டில் என்ன காணோம்? (5 நிமிடம்)

மூச்சு வாங்கிய கூட்டத்தை உட்காரவைக்க இது. தட்டில் நன்கு தெரிந்த பொருட்கள்: சீப்பு, கரண்டி, செருப்பு, பல் துலக்கும் பிரஷ். மூன்று வயதுக்கு மூன்று பொருள், நான்கைந்து வயதுக்கு ஐந்து. ஒவ்வொன்றையும் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை பெயர் சொல்லட்டும். பிறகு தட்டைத் துண்டால் மூடி, ஒன்றை எடுத்து ஒளித்துவிட்டுத் திறங்கள். "கண்ணை மூடு" என்று கேட்காதீர்கள், விரலிடுக்கில் எல்லோரும் பார்ப்பார்கள்.

வேகமான குழந்தை கத்திச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு யோசிக்கவே வாய்ப்பில்லை. பதிலை வாயால் சொல்லாமல் நடித்துக் காட்டச் சொல்லுங்கள்: சீப்பு காணோம் என்றால் தலை வாருவதுபோல. அறையும் அமைதியாகும், பேச்சு சரியாக வராத குழந்தையும் சமமாக ஆடும்.

ஒட்டாத குழந்தை

எட்டில் ஒன்று மூலையில் நின்று பார்க்கும். கையைப் பிடித்து இழுத்தால் இன்னும் ஒதுங்கும். பாட்டை நிறுத்தும் பொத்தானையோ மீனவர் வேலையையோ கொடுத்துப் பாருங்கள். அதுவும் வேண்டாமென்றால் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஆட்டத்தின் விதியைப் பார்த்தே கற்றுக்கொண்டு, அடுத்த சுற்றிலோ அடுத்த நாளோ தானாகவே வரும் குழந்தைகள் உண்டு.

ஆட்டங்களின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். தட்டு ஆட்டத்தை முதலில் வைத்தால் யாரும் உட்கார மாட்டார்கள், தீவை கடைசியில் வைத்தால் வீட்டுக்குப் போகவே மாட்டார்கள்.

பெரிய தீவின் டேப் இன்னும் தரையில் இருக்கும். ஆளுக்கொரு துண்டு உரித்து, எல்லாவற்றையும் ஒரே பந்தாக உருட்டிக் குப்பைக்கூடையில் போடச் சொல்லுங்கள். அன்றைக்கே உரித்துவிட வேண்டும். நாள்கணக்கில் விட்டால் மாஸ்கிங் டேப்பும் பசையை விட்டுப்போகும்.