பல்லுயிர்த் தரவைக் கூட்டாகப் பேணுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடிகளை உலர்த்தி ஒட்டிவைத்த பழைய உலர்தாவரத் தாள்கள் சிலவற்றின் சீட்டில், செடி பறிக்கப்பட்ட இடமாக 'மெட்ராஸ்' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே இருக்கும். கணினியில் ஏற்றுபவர் அதற்குச் சென்னை நகரத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இட்டுவிட்டால், மலபார் முதல் கஞ்சம் வரை பரந்திருந்த அன்றைய மாகாணத்தின் ஏதோவொரு மலைச்சரிவில் பறித்த செடி, மெரினாவை ஒட்டி முளைத்ததாகிவிடும். சீட்டின் வாசகத்தை உள்ளது உள்ளபடி ஒரு கட்டத்திலும், நாம் கணித்த இடத்தை வேறொரு கட்டத்திலும், அக்கணிப்பு எத்தனை மீட்டர் பிசகலாம் என்பதை இன்னொன்றிலும் எழுத, பல்லுயிர்ப் பதிவுகளைப் பகிர்வதற்கான டார்வின் கோர் தரநிலை இடம் தருகிறது. அந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது.

பிழை நேர்வதைவிட, அதை யார் திருத்துவது என்று பேசி வைக்காமலே நிறுவனங்கள் கூட்டுச் சேர்வதுதான் பெரிய தவறு என்பது என் கருத்து. கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு 2001 முதல் இயங்கும் உலகளாவிய பல்லுயிர்த் தகவல் வசதியான ஜிபிஐஎஃப் (GBIF), பதிவுகளைத் திரட்டிக் காட்டுகிறதே தவிர, திருத்தும் பொறுப்பு அவற்றை வழங்கிய நிறுவனத்துடையது. பயனர் சுட்டிக்காட்டும் பிழை, எப்போதோ பணிமாறிப் போனவரின் மின்னஞ்சலில் தேங்கினால் அந்தச் செடி மெரினாவிலேயே இருக்க வேண்டியதுதான். ஒரே செடியின் இரட்டைத் தாள்கள் கோயம்புத்தூரிலும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலும் இருந்து, ஓரிடத்தில் மட்டும் பெயர் திருத்தப்பட்டால், ஒரு சேகரிப்பு இரண்டு இனங்களாகத் தோன்றும். ஆகவே தொடர்பு முகவரி பதவியின் பெயரில் இருக்க வேண்டும்; திருத்தியவர், திருத்திய நாள், முன்பிருந்த பெயர் ஆகியவை அழியாமல் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் திறந்து வைப்பதே நேர்மை என்று எண்ணுவதும் தவறு. தென்சீனாவின் கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லி 1999இல் அறிவியலுக்கு அறிமுகமானதும் செல்லப்பிராணி வணிகர்களின் கண்ணில் பட்டு, முதலில் கண்டறியப்பட்ட இடத்திலேயே இல்லாமல் போனது. இத்தகைய இனங்களின் இருப்பிடத்தை மங்கலாக்க வேண்டும். மங்கலாக்கியதைப் பதிவிலேயே சொல்லவும் வேண்டும். ஆள்கூறுகளை மறைத்துவிட்டு, ஊர்ப்பெயர் தெளிவாகத் தெரியும் சீட்டின் படத்தை அருகிலேயே வெளியிடுவது வீண்வேலை.

தரவை வெளியிடும் உரிமத்தைக் கடைசி நேரத்தில் தேர்ந்தெடுப்பது மீளமுடியாத தவறாகலாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளில் அமையும் மேலாண்மைக் குழுக்கள், ஊர்மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளை உருவாக்குகின்றன. மூலிகை பற்றி ஒரு பாட்டி சொன்ன குறிப்பு அதில் இருக்கலாம். அதைப் பதிப்புரிமையை முழுவதும் கைவிடும் சிசி0 (CC0) உரிமத்தில் வெளியிட்ட பிறகு, ஊரார் மறுத்தாலும் திரும்பப் பெற முடியாது. தளத்திலிருந்து நீக்கினாலும், அதற்குள் பதிவிறக்கியவர்களிடம் அது இருந்துகொண்டுதான் இருக்கும். எனவே எந்தப் பக்கங்கள் வெளியே போகலாம், எவை ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற பேச்சு, பதிவேற்றத்துக்கு முன்பே அந்த ஊரில் நடந்தாக வேண்டும்.