கோணிச் சாக்கில் ஓவியம் செய்ய

ராயபுரத்தில் பழைய சாக்கு தைத்து விற்பவர் என் அப்பா. அதனாலேயே ஆல்பெர்தோ பூர்ரி எனக்கு நெருக்கமானவர். இத்தாலிய ராணுவ மருத்துவர். 1943-இல் துனிசியாவில் பிடிபட்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் போர்க்கைதி முகாமில் வரையத் தொடங்கினார். 1946-இல் ஊர் திரும்பியதும் மருத்துவத்தை விட்டுவிட்டார். சில வருடத்தில் சாக்கையே ஓவியமாக்கினார்.

சரி, சணல் சாக்கு ஒன்று எடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். துவைக்காமல் உதறி, இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். இங்கே கடல்காற்று, ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். மங்கிய அச்செழுத்து, அரிசித் தூசு, எண்ணெய்க் கறை எல்லாம் இருக்கட்டும், அதுதான் நிறம். மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடியுங்கள். கிழிசலை மறைக்காதீர்கள். அதன் ஓரத்தைக் கோணி ஊசியால், அப்பா மூட்டை வாயைத் தைப்பது போல, சாய்வாக, ஒவ்வொரு தையலையும் சுண்டி இழுத்துத் தையுங்கள். ஓட்டைக்குப் பின்னால் சிவப்புத் துணி வையுங்கள்.

அப்புறம், சிசிலியில் 1968 நிலநடுக்கத்தில் அழிந்த கிபெல்லினா என்ற ஊரின் படங்களையும் தேடிப் பாருங்கள். இடிபாடுகளை வெள்ளை சிமென்ட்டால் மூடி, பழைய தெருக்களை நாம் நடந்து போகக்கூடிய பிளவுகளாக விட்டிருக்கிறார் பூர்ரி.

சட்டத்தை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மாட்டுங்கள். சாய்வெயிலில் தையல் மேடு நன்றாகத் தெரியும்.