பாதமலை ஏறப்போறீங்களா, ரொம்ப சீக்கிரம் கிளம்பிடாதீங்க

இலங்கையில இருக்கிற சிவனொளிபாதமலைக்கு முதல் தடவ போறவங்க நெறைய பேர் பண்ற தப்பு, ரொம்ப சீக்கிரமே கிளம்பி ஏறி முடிச்சிடுறதுதான். நானும் அப்படித்தான், ராத்திரி பத்தரைக்கு கிளம்பி ரெண்டரைக்கெல்லாம் உச்சியில நின்னேன், சூரியன் வர ஆறு மணிக்கு மேல ஆகும், அதுவரைக்கும் அந்தக் காத்துல பல்லு தந்தியடிச்சதுதான் மிச்சம்.

சீசன் டிசம்பர் பௌர்ணமியில இருந்து மே மாச வெசாக் (பௌத்தர்களோட பௌர்ணமிப் பண்டிகை) வரைக்கும். அந்த டைம்ல வழி நெடுக லைட்டு இருக்கும், தேத்தண்ணி கடையும் இருக்கும். மத்த மாசத்துல மழை, அட்டைக்கடி, கும்மிருட்டு, பழக்கமில்லாதவங்களுக்கு வேணாம். வழி ரெண்டு மூணு இருக்கு, ரத்தினபுரி பக்கம் நீளம் ஜாஸ்தி, காடும் ஜாஸ்தி, அதனால முதல் தடவைன்னா ஹட்டன் வந்து மஸ்கெலியா வழியா மலையடியில இருக்கிற நல்லதண்ணி ஊருக்கு போயிடுங்க. போறப்ப மவுசாக்கலை டேம் தண்ணியைப் பாருங்க, பழைய மஸ்கெலியா டவுன் அதுக்குள்ளதான் முங்கிப் போச்சு, தண்ணி வத்தினா பழைய கோயில் வெளிய தெரியும்.

நல்லதண்ணியில சாயந்தரமே சாப்பிட்டு படுத்துடுங்க, ரெண்டு மணி வாக்குல நடக்க ஆரம்பிச்சா சரியா இருக்கும். படி 5,000-க்கு மேல, மூணு நாலு மணி நேரம் பிடிக்கும், போயா (பௌர்ணமி) நாள்லயும் சனி ஞாயிறுலயும் மேல க்யூ நகரவே நகராது, முடிஞ்சா வார நாள்ல போங்க. ஆரம்பத்துல தேயிலைத் தோட்டம், லேசான ஏத்தம், சீத்தகங்குல ஆத்துல கை கால் கழுவிட்டு சிங்கள சனம் ஏறுவாங்க, அங்கிட்டு தாண்டினதும் படி செங்குத்தாயிடும். இந்திகட்டுபான-ன்னு ஒரு இடத்துல நூல் சுத்தி வச்சிருக்கும், புத்தர் அங்க நின்னு கிழிஞ்ச சீவரத்தை (துறவி போர்த்துற துணி) தைச்சாருன்னு ஐதீகம், அதனால ஊசியும் நூலும் போட்டுட்டுப் போவாங்க. எதிர்ல வர்றவங்க "கருணாவை"ன்னு சொன்னா நீங்களும் திருப்பி சொல்லுங்க, நல்லாயிருக்கும்.

உசரம் 2,243 மீட்டர்தான், இலங்கையோட பெரிய மலை பிதுருதலாகலை இதவிட உசரம், ஆனா இது தனியா கூம்பு மாதிரி நிக்கிறதால கடல்ல வர்ற கப்பல்காரங்களுக்கும் அடையாளமா இருந்திச்சு. உச்சிப் பாறையில சுமார் 1.8 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாதம் மாதிரி பள்ளம், இந்துக்கள் நமக்கு அது சிவன் பாதம், பௌத்தர்களுக்கு புத்தர் பாதம், முஸ்லிம் ஆளுங்களுக்கு ஆதம் நபி பாதம், இதுக்காக சண்டை போடாம எல்லாரும் ஒரே படியில மூச்சு வாங்குறாங்க பாருங்க, எனக்கு அதுதான் பிடிச்சது. மொராக்கோ நாட்டு ஊர்சுத்தி இப்னு பதூதா 1344-ல ஏறிட்டு, பாறையில தொங்குற இரும்புச் சங்கிலிகளைப் பிடிச்சு ஏறுனதை எழுதி வச்சிருக்காரு. இப்ப கைப்பிடி கம்பி இருக்கு, நம்ம பாடு சுகம்.

மேல செருப்பைக் கழட்டணும், தரை ஐஸ் மாதிரி இருக்கும், அதனால தடிமனான சாக்ஸ் ரெண்டு ஜோடி கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க. ஏறுறப்ப வேர்க்கும்னு ஜாக்கெட்டை விட்டுட்டு வராதீங்க, பைக்குள்ள வச்சுக்கிட்டு மேல போனதும் போடுங்க. பொலித்தீன் வேணாம், அது சரணாலயக் காடு.

அப்புறம் முக்கியமானது. சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கு பக்கமே போனை நீட்டிட்டு நிப்பாங்க, நீங்க ஒரு நிமிஷம் பார்த்துட்டு அப்படியே மேற்கு பக்கம் ஓடிடுங்க, மலையோட நிழல் பனிமூட்டத்து மேல அச்சு முக்கோணமா விழுந்திருக்கும். கொஞ்ச நேரந்தான், சூரியன் ஏற ஏற சுருங்கிடும்.

எத்தனாவது தடவை ஏறினீங்களோ அத்தனை தடவை உச்சியில இருக்கிற மணியை அடிக்கணும், ஒண்ணே ஒண்ணு அடிக்கிறப்ப பக்கத்துல ஒரு ஆச்சி இருபதைத் தாண்டி அடிச்சுட்டு இருப்பாங்க, வெக்கமா இருக்கும், பரவால்ல. இறங்குறதுதான் முட்டிக்கு வேலை, படியில குதிக்காம சைடா கால் வச்சு மெதுவா இறங்குங்க, அடுத்த ரெண்டு நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்திருந்தா இன்னும் நல்லது.