நல்ல பேனா எழுதி எழுதிக் கெடுவதில்லை

அப்பா விட்டுச்சென்ற எபோனைட் இங்க் பேனாவை ஓர் இரவு வெந்நீரில் ஊறப்போட்டேன். பல வருடங்களாக உள்ளே காய்ந்து கிடந்த மை இளகிவிடும் என்ற எண்ணம்தான். காலையில் மை இளகியிருந்தது. ஆனால் கன்னங்கரேலென்று இருந்த பேனா, பழுப்பும் பாசிப்பச்சையும் கலந்த ஒரு நிறத்துக்கு மாறிவிட்டிருந்தது. மூடியை மட்டும் மேசைமேல் வைத்திருந்தேன். அது இன்றுவரை அதே கருமையோடு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பேனாவின் பாகங்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

எபோனைட் என்பது ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கிய பொருள். வெளிச்சம், ஈரம், சூடு மூன்றும் அந்தக் கந்தகத்தைத் தூண்டி மேற்பரப்பின் நிறத்தை வெளுக்க வைக்கும். அதனால் எபோனைட் பேனாவை, அதிலும் பழையதை, ஊறப்போடவே கூடாது. நிப் பொருத்திய முன்பகுதியான கழுத்தைக் கழற்றி, குளிர்ந்த நீரில் அலசி, உடனே துடைத்துவிட வேண்டும். வெயில் படும் ஜன்னலோரத்தில் வைப்பதும் தவறு. ராஜமுந்திரியின் ரத்னம், திருவள்ளூரின் ரங்கா என்று நம் பக்கத்தில் கடைசல் பிடித்துக் கையால் செய்யும் பேனாக்களில் எபோனைட்டுக்கு இன்றும் முக்கிய இடம் உண்டு என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

அந்தக் காலை நேரத்துக்குப் பிறகு எத்தனையோ பேனாக்களைத் திறந்து பார்த்துவிட்டேன். நல்ல பேனா எழுதி எழுதிக் கெட்டதாக அநேகமாக நான் பார்த்ததில்லை. எழுதாமல் வைத்ததால் கெட்டிருக்கும். அல்லது யாரோ பொறுமையில்லாமல் கைவைத்ததால் கெட்டிருக்கும்.

எழுதாமல் வைப்பது என்றால், மை நிரப்பிவிட்டு அப்படியே மறந்துவிடுவது. மையில் பெரும்பகுதி தண்ணீர். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அது மெல்ல ஆவியாகும். சாயம் மட்டும் மிஞ்சும். நிப்புக்கு அடியில் ஒரு கட்டை இருக்கிறதே, அதில் தலைமுடி அகலத்துக்கு வாய்க்கால்கள் வெட்டியிருப்பார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மை அதன்வழியே தானாக வருகிறது. சாயம் படிந்து அந்த வாய்க்கால் அடைத்துக்கொண்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேனாவும் எழுதாது. இருபது பேனா வைத்திருப்பவர் இருபதிலும் மை நிரப்பத் தேவையில்லை. இரண்டு அல்லது மூன்று போதும். இரண்டு வாரம் தொடப்போவதில்லை என்று தெரிந்தால் மையை வெளியேற்றிக் கழுவி வைத்துவிடுங்கள். வெளியேற்றிய மையைப் புட்டியிலேயே திரும்ப ஊற்றாதீர்கள். பேனாவிலிருந்த அழுக்கும் பூஞ்சையும் புட்டி முழுவதற்கும் பரவும்.

கழுவுவதற்குச் சாதாரணத் தண்ணீர் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறு ரப்பர் பல்பு ஒன்று இருந்தால் கழுத்தின் பின்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சலாம். நிறமில்லாமல் தண்ணீர் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும், முடிந்திருக்காது. நிப்பின் நுனியை மடித்த டிஷ்யூ காகிதத்தில் தொட்டு வையுங்கள். சில நொடிகளில் ஒரு நீலப் பூ மெதுவாக விரியும். கட்டைக்குள் ஒளிந்திருந்த மை அது. வெறும் ஈரம் மட்டும் வரும்வரை திரும்ப அலச வேண்டும். மை பிடிவாதமாக இருந்தால் ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விடலாம். ஸ்பிரிட்டும் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் அருகிலேயே வரக்கூடாது. அசிட்டோன் பழைய பேனாக்களின் செல்லுலாய்டு பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், ஸ்பிரிட் அக்ரிலிக்கில் விரிசல் விழவைக்கும். வீட்டில் வருவது உப்பான போர்வெல் தண்ணீர் என்றால் கடைசி அலசலைக் குடிநீரில் செய்யுங்கள். உப்பு படிந்தாலும் வாய்க்கால் அடைபடும்.

அடுத்தது மை. ஓவியக் கடையில் விற்கும் இந்தியன் இங்கில் அரக்கு போன்ற பசை கலந்திருக்கும். தொட்டு எழுதும் பேனாவுக்கும் தூரிகைக்கும் ஆனது அது. இங்க் பேனாவுக்குள் காய்ந்தால் பெரும்பாலும் மீட்க முடியாது. முத்திரைப் பெட்டி மையும் அப்படித்தான். அழியாத மை வேண்டும் என்பவர்கள் இங்க் பேனாவுக்கென்றே தயாரித்த நிறமி மையையோ இரும்பு மையையோ வாங்கலாம். இரும்பு மை எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டபின் தாளிலேயே கறுக்கும். ஐரோப்பாவின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி அந்த வகை மையால் எழுதியவைதான். ஆனால் அது அமிலம். தினமும் எழுதும் பேனாவில் தொந்தரவு தராது. மறந்துபோன பேனாவில் எஃகு நிப்பை அரித்துவிடும். தங்க நிப் தாங்கும். இரண்டு மைகளை ஒரே பேனாவில் கலப்பதற்கு முன், சிறு கண்ணாடிக் குப்பியில் இரண்டையும் ஊற்றி ஒருநாள் வைத்துப் பாருங்கள். அடியில் வண்டல் தெரிந்தால் பேனா தப்பித்தது.

பால்பாயிண்ட் பழகிய கையோடு இங்க் பேனாவைப் பிடிப்பது இன்னொரு தவறு. பால்பாயிண்டில் உருளையைச் சுழற்ற அழுத்தம் வேண்டும். இங்க் பேனாவில் மை தானாக வருகிறது. அழுத்தினால் நிப்பின் நடுப்பிளவுக்கு இருபுறமும் உள்ள இரண்டு இதழ்களும் அகன்று, ஒருநாள் பழைய நிலைக்குத் திரும்பாமல் நின்றுவிடும். நீங்கள் எழுதிய தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். எழுத்து விரலுக்குத் தட்டுப்பட்டால் அழுத்துகிறீர்கள் என்று பொருள். பேனாவைச் சற்றுச் சாய்த்து, அதன் எடையிலேயே ஓடவிட வேண்டும்.

நிப் கீச்சிட்டால் உடனே உப்புத்தாளைத் தேடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நுனியில் இருப்பது மிகக் கடினமான ஓர் உலோகக் கலவையின் சிறு மணி. பழைய பழக்கத்தில் அதை இரிடியம் என்றே எல்லோரும் சொல்கிறோம். தேய்த்துப் போன மணி திரும்ப வராது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நுனியை நேராகப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் இதழ் மேலேயும் மற்றது கீழேயும் இருக்கும். உயர்ந்திருக்கும் பக்கத்தை நகத்தால் லேசாகக் கீழே தள்ளி எழுதிப் பார்த்தால் போதும். இதழ்களுக்கு நடுவிலுள்ள பிளவுக்குள் பிளேடு விடுவதும் வேண்டாம்.

வாங்கும்போது தங்க நிப் என்ற சொல்லுக்கு மயங்குகிறோம். நிப்பில் 585 என்று பொறித்திருந்தால் 14 காரட், 750 என்றால் 18 காரட். அது அரிக்காது, உண்மைதான். ஆனால் வழுவழுப்பைத் தருவது தங்கமல்ல, நுனியில் இருக்கும் மணியும் அதைத் தீட்டிய விதமும்தான். வளைந்து கொடுப்பதும் தகட்டின் தடிமனையும் வடிவத்தையும் பொறுத்தது. அதைவிட அளவைக் கவனியுங்கள். பைலட், சைலர், பிளாட்டினம் போன்ற ஜப்பானியப் பேனாக்களின் ஃபைன் நிப், ஐரோப்பிய ஃபைனைவிடப் பொதுவாக மெல்லியது. தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. கோடு போட்ட நோட்டில் ‘ஞ’, ‘ணை’, ‘ஐ’ எழுதினால் பிராட் நிப்பில் சுழிகள் அடைபட்டு மைப்பொட்டாகிவிடும். தலைப்புக்கும் கையெழுத்துக்கும் பிராட் அழகு. பக்கம் பக்கமாகத் தமிழ் எழுத ஃபைன்தான் என் தேர்வு.

உடலிலேயே நேரடியாக மை ஊற்றும் பேனா, சட்டைப்பையில் நீல வட்டம் போட்ட நினைவு பலருக்கும் இருக்கும். அதற்குக் காரணம், மை குறைந்ததும் மீதி இடத்தைக் காற்று நிரப்புவதுதான். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. கால் பங்கு மிஞ்சும்போதே நிரப்பிவிட்டால் சொட்டாது. திருகும் மரையில் சிலிக்கோன் கிரீஸ் தடவலாம். வாசலின் தடவினால் ரப்பர் வளையம் ஊறிப் பழுதாகும். விமானத்தில் போனால் நிப் மேலே பார்த்தபடி வையுங்கள்.

பழைய பேனாக்களை வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, கையில் கிடைத்ததும், மை உறிஞ்சுவதற்காக உடலில் பொருத்திய நெம்புகோலை இழுத்துப் பார்ப்பது. உள்ளே இருக்கும் ரப்பர் பை கல்லாக இறுகியிருக்கும். இழுத்தால் நெம்புகோல் ஒடியும், சில சமயம் உடலே பிளக்கும். கழுத்தை இடுக்கியால் திருகுவதும் அப்படியே. அதைப் பெரும்பாலும் அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூட்டில் மெல்ல இளக்கி, அவசரமில்லாமல் திருப்ப வேண்டும். நெருப்பில் காட்டவே கூடாது, செல்லுலாய்டு சட்டென்று பற்றிக்கொள்ளும். செல்லுலாய்டு பேனாவைக் காற்றுப் புகாத டப்பாவில் பூட்டி வைப்பதும் நல்லதல்ல. ரப்பர் பையிலிருந்து வரும் கந்தக ஆவியில் வெளிர் நிறங்கள் பழுப்பேறிவிடும்.

பளபளப்பாக்கும் ஆசையும் அடங்க வேண்டும். பற்பசையும் பித்தளைப் பாலிஷும் முலாமைத் தேய்த்துவிடும். உடலில் மெலிதாகப் பொறித்த தயாரிப்பாளர் பெயரும் அதோடு போய்விடும். அப்பாவின் பேனாவைப் பார்த்த பழுதுபார்ப்பவர் ஒருவர், மேல்தோலைச் சீவி மறுபடி கருப்பாக்கித் தருவதாகச் சொன்னார். உடலின் நடுவில், வாங்கிய கடையில் ஊசியால் பொறித்துக் கொடுத்த அப்பாவின் பெயர் இருக்கிறது. வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். கருப்பு மூடியும் பாசிநிற உடலுமாக, தினமும் காலையில் அதில்தான் எழுதுகிறேன்.