ஒகேனக்கல் முதல் அஞ்செட்டி வரை: காட்டுக்கு எந்த சூப்பர்ஜூம் கேமரா?

கழற்ற முடியாத ஒரே லென்ஸில் வெகுதூரத்தை இழுத்துக் காட்டுவதுதான் சூப்பர்ஜூம் கேமரா. அதை வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது எக்ஸ் கணக்குதான். அது 60 எக்ஸ், இது 83 எக்ஸ், அதோ அது 125 எக்ஸ். லென்ஸ் எட்டும் அதிகபட்ச குவிய நீளத்தை (மி.மீ. கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) அதன் குறைந்தபட்ச குவிய நீளத்தால் வகுத்தால் வரும் எண் அது, அவ்வளவுதான். பானசோனிக் எஃப்இசட்82டி 20 மி.மீ.யில் தொடங்கி 1200 வரை போவதால் 60 எக்ஸ். நிக்கான் பி950 24-லிருந்து 2000 வரை, 83 எக்ஸ். சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 24-லிருந்து 600 வரை, வெறும் 25 எக்ஸ். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிக் காட்டோரம் விடிகாலை மங்கலில் மூன்றையும் நீட்டிப் பார்த்தால், உருப்படியான படம் அந்த 25 எக்ஸில்தான் வரும். ஏன் என்பது தெரிந்துவிட்டால் கேமரா தேர்வு பாதி முடிந்த மாதிரி.

முதலில் தூரக் கணக்கு. 36-ஐ மீட்டர் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் மி.மீ.யால் வகுங்கள். படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்பது வந்துவிடும். உயரம் வேண்டுமென்றால் 36-க்குப் பதில் 24. (இங்கே சொல்லும் மி.மீ. எல்லாம் 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்றியவை; கேமரா பெட்டியிலும் பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.) 100 மீட்டர் தள்ளி ராகிக் காட்டோரம் யானை நிற்கிறது என்று வையுங்கள். 600 மி.மீ.யில் 6 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் கிடைக்கும். ஆண் யானை முழுசாக அடங்கி, சுற்றிலும் கொஞ்சம் காடும் தெரியும். அதையே 2000-இல் எடுத்தால் 1.8 மீட்டர்தான். காதும் கண்ணும் மட்டும் மிஞ்சும்.

காவிரிக்கரை மருத மரத்தில், 30 மீட்டரில் சாம்பல் நிற மலை அணில். தலையிலிருந்து வால் நுனிவரை முக்கால் மீட்டருக்குப் பக்கம் வரும். 600-இல் அகலம் 1.8 மீட்டர், அணில் சிறிதாகத் தெரியும். 1200-இல் 90 செ.மீ., கச்சிதம். 2000-இல் 54 செ.மீ., வால் வெட்டுப்படும். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் 40 மீட்டர் தள்ளிக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்திக்குத்தான் 2000 உண்மையிலேயே பயன்படும். படத்தின் அகலம் 72 செ.மீ., பறவை ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, யானை, மான், முதலைக்கு 600 போதும். நீர்ப்பறவைக்கும் சிறு பறவைக்கும் 1200-க்கு மேல் வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். எக்ஸ் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது, படத்தைப் பதிவு செய்யும் சில்லான சென்சாரின் அளவு. பி950, எஃப்இசட்82டி, கேனன் எஸ்எக்ஸ்70 எல்லாவற்றிலும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சென்சார். ஏறக்குறைய 28 சதுர மி.மீ. சோனியில் இருப்பது ஓர் அங்குல வகை, 116 சதுர மி.மீ. நான்கு மடங்கு பரப்பு. அதோடு முழு ஜூமில் சோனியின் லென்ஸ் துவாரம் எஃப் 4, பி950-இன் துவாரம் எஃப் 6.5 (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). விளைவு: சிறிய சென்சாரில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு; இருட்டில் கூட்ட வேண்டியது) 400 வரை படம் தெளிவு, 800-இல் ஒப்பேற்றலாம், 1600-இல் யானைத் தோல் களிமண் பூசிய மாதிரி வழவழவென்று ஆகிவிடும். ஓர் அங்குலத்தில் 1600 வரை கவலையில்லை, 3200-ஐயும் சமாளிக்கலாம். விலங்குகள் வெளியே வருவது விடியலிலும் பொழுது சாயும்போதும் என்பதால் இந்த வித்தியாசம்தான் படத்தைத் தீர்மானிக்கிறது. சிறிய சென்சாரில் துவாரத்தை எஃப் 8-க்கு மேல் சுருக்காதீர்கள். சிறு துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைவதால் கூர்மை போய்விடும்.

600 பற்றாது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சோனியின் 20 மெகாபிக்சல் படத்தை 1200 அளவுக்கு வெட்டினால் 5 மெகாபிக்சல் மிஞ்சும். வாட்ஸ்அப்புக்கும் சின்ன பிரிண்டுக்கும் தாராளம். 2000 அளவுக்கு வெட்டினால் 2-க்கும் குறைவு. அங்கேதான் பி950 ஜெயிக்கிறது.

3000 மி.மீ. வரை போகும் நிக்கான் பி1000 பற்றிக் கேட்காத ஆளில்லை. நிலாவுக்கு அருமையான கேமரா. எடை 1415 கிராம், முழு ஜூமில் துவாரம் எஃப் 8. நம் ஊர் வெயிலில் அந்த நீளம் பெரும்பாலும் வீண்தான், காரணம் கானல். பாறை சூடாகி அதன் மேல் காற்று நெளியத் தொடங்கினால் 100 மீட்டருக்கு அப்பால் எதுவுமே கூர்மையாக வராது. ஒகேனக்கல் பாறைகளில் கோடைக் காலத்தில் காலை ஒன்பது மணிக்கே இது தொடங்கிவிடும். விலை உயர்ந்த லென்ஸ் போட்டாலும் கானல் போகாது. கேமரா கெட்டுவிட்டது என்று சர்வீசுக்குக் கொடுப்பதற்கு முன் மறுநாள் விடிகாலையில் அதே இடத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

பரிசலில் ஏறினால் கணக்கே வேறு. பரிசல் சுழலும், ஆடும்; 2000-இல் பாறை மேல் கிடக்கும் முதலையைத் தேடிப் பிடிப்பதற்குள் பரிசல் திரும்பிவிடும். 400 முதல் 600 வரை வைத்து, ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் குறையாமல், தொடர் ஃபோகஸில் எடுங்கள். அருவிச் சாரல் அடிக்கும் இடத்தில் பி950-ஐ வெளியே எடுக்க வேண்டாம். அதற்கு நீர்த்தடுப்பு இல்லை. சோனி தூசியையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும், நனைவதைத் தாங்காது. ஜிப் பை ஒன்று சட்டைப் பையிலேயே இருக்கட்டும். கரையில் குரங்குகள் பையைப் பறிக்கும், தோள்வாரைக் கழுத்தில் மாட்டியே வைத்திருங்கள்.

கடையில் சோதிப்பது எப்படி? முழு ஜூமில் எதிர்க்கடைப் பலகையில் உள்ள மிகச் சின்ன எழுத்தைக் குறிவையுங்கள். ஷட்டர் 1/250, கையில் பிடித்துப் பத்துப் படம். முழு அளவுக்குப் பெருக்கிப் பார்த்து, கூர்மையாக வந்தவற்றை எண்ணுங்கள். ஐந்துக்குக் குறைந்தால் அந்த எடையும் நீளமும் உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். பிறகு வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, தெருவில் போகும் வண்டி ஒன்றை முழு ஜூமில் தேடுங்கள். கிடைக்காது! அதற்காகத்தான் பி950-இல் லென்ஸ் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது: அழுத்தினால் ஜூம் கொஞ்சம் பின்வாங்கி அகலக் காட்சி தரும், விட்டால் பழைய இடத்துக்கே போகும். எஸ்எக்ஸ்70-இலும் இதே வசதி உண்டு. இது இல்லாத கேமராவில் பறவை எடுப்பது, குருடன் யானை பார்த்த கதைதான்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். இந்த லென்ஸ்கள் நீண்டு சுருங்கும்போது காற்றை உள்ளிழுக்கும். ஜீப் பாதைத் தூசியும் கூடவே போகும். லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் சென்சார் தூசியை நீங்களே துடைக்கவும் முடியாது. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ முழு ஜூமில், எஃப் 8-இல் எடுத்துப் பாருங்கள். மங்கலான கரும்புள்ளிகள் இருந்தால் விலையைக் குறையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். டார்ச் அடித்துப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2015-இல் வந்த பழைய பி900 மலிவாகக் கிடைக்கும். அதில் ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) இல்லை, தொடர் படம் ஏழு எடுத்ததும் எழுதி முடிக்கும்வரை உறைந்து நிற்கும். உட்கார்ந்திருக்கும் பறவைக்குச் சரி, பறப்பதற்குச் சரிவராது.

எங்கள் முடிவு: காடும் விடியலும்தான் உங்கள் வேலை என்றால் சோனி. ராமநாயக்கன் ஏரி, கே.ஆர்.பி. அணை என்று நீர்ப்பறவை பார்ப்பவர்களுக்கு பி950. காசு இடிக்கிறது, கையும் நோகிறது என்றால் எஃப்இசட்82டி. முக்கால் கிலோகூட இல்லை.

கூட வாங்க வேண்டியவை: இன்னொரு பேட்டரி கட்டாயம் (பி950 ஒரு சார்ஜில் 290 படம்தான்), வி30 என்ற வேகக் குறி போட்ட 64 ஜிபி எஸ்டி கார்டு, வண்டி ஜன்னலில் கேமராவைத் தாங்க ஒரு துணி மூட்டை. மூட்டையில் ராகியோ அரிசியோ நிரப்பிக்கொண்டு யானைக் காட்டுக்குப் போகாதீர்கள். பழைய துணி போதும். ட்ரைபாடில் வைத்தால் ஆட்டத்தடுப்பை அணைத்துவிடுங்கள். உட்கார்ந்த விலங்குக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/1600-இலிருந்து தொடங்குங்கள். கிளைக்கு நடுவே ஃபோகஸ் புள்ளியை மிகச் சிறிதாக வையுங்கள், இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் சுள்ளிதான் கூர்மையாக வரும். வெள்ளைக் கொக்குக்கு வெளிச்ச அளவை ஒரு படி குறையுங்கள், இல்லாவிட்டால் இறகு வெளிறிப்போகும்.

வேட்டை என்றால் இங்கே கேமராவால் மட்டும்தான். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்கை விரட்டுவதும் இரை வைத்து இழுப்பதும்கூட வேட்டை என்ற வரையறைக்குள் வரும். நல்ல படத்துக்காகக் கல்லெறிவது அதில் அடங்கும். 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு, 2022-இல் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயங்களுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பென்னாகரம் – ஒகேனக்கல் சாலையிலும் அஞ்செட்டிச் சாலையிலும் யானை குறுக்கே வந்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஃபிளாஷை அணைத்து வையுங்கள், பின்னால் வருகிற வண்டிக்கும் கைகாட்டி நிறுத்துங்கள். 600 மி.மீ. வைத்திருப்பவர் கிட்டே போக வேண்டிய அவசியமே இல்லை.